சிப்பாய் சாப்பிடும் கை

அம்சவல்லி இன்னும் வாயைத் திறக்கவில்லை. அதற்குள் சிப்பாய் சாப்பிட ஆரம்பித்துவிட்டது.

மழை விட்டிருந்த அந்தி நேரம். வாய்க்கால் பக்கமிருந்து தவளைகளின் சத்தம் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி வந்துகொண்டிருந்தது. பால் பிடித்து நிற்கும் சம்பாப் பயிரின் இனிப்பு கலந்த வாசம் கொல்லை வரைக்கும் பரவியிருந்தது. செத்துப்போன கணவனின் நீலக் கட்டம் போட்ட சட்டையைப் புடவைக்கு மேலே மாட்டிக்கொண்டு, அலுமினியத் தட்டில் எலும்பு நீக்கிய கோழிக்கறியும் குழைந்த சோறுமாகப் பிசைந்து வைத்துவிட்டு, சிப்பாய் என்ற அந்த நாய்க்கு எதிரே அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். "எடு" என்று அவள் சொல்ல வேண்டும். சொன்னால்தான் அது தட்டைத் தொடும். அது அந்த வீட்டின் சட்டம்.

சிப்பாய் அவளைப் பார்க்கவில்லை. அவளுடைய இடது தோளுக்கு மேலே, ஒரு ஆள் நின்றால் முகம் இருக்கக்கூடிய உயரத்தில் பார்த்தது. காதுகள் பின்னால் படிந்தன. வால் தரையை ஒருமுறை பெருக்கியது. பிறகு தலையைக் குனிந்து சாப்பிட்டது.

அவள் திரும்பிப் பார்த்தாள். கொடியில் ஒரு துண்டு. சுவரில் சாய்த்த மண்வெட்டி. அவ்வளவுதான்.

"யாருடா சொன்னா உனக்கு?" என்று கேட்டுச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

அந்தச் சட்டத்தைப் போட்டவர் அவளுடைய கணவர் இராஜாங்கம். பாபநாசத்துக்குத் தெற்கே, குடமுருட்டி ஆற்றங்கரையை ஒட்டி அவர்களுக்குக் கொஞ்சம் நிலமும் ஒரு மோட்டார் கொட்டகையும் உண்டு. முன்பு வளர்த்த நாயைச் செப்புக் கம்பி திருடர்கள் விஷம் தடவிய கறியை வீசிக் கொன்றார்கள். விடிந்து போய்ப் பார்த்தபோது மோட்டாரில் கம்பியும் இல்லை, வரப்பில் விறைத்துக் கிடந்த நாய்க்கு உயிரும் இல்லை. அடுத்து வந்த குட்டிக்குச் சிப்பாய் என்று பேர் வைத்தார். இவன் என் கையைத் தவிர வேறு எந்தக் கையிலும் வாங்கித் தின்னக்கூடாது என்று முடிவு செய்தார்.

அதை அவர் பழக்கிய விதம் அழகானது. சுட்ட கருவாட்டுத் துண்டு ஒன்றை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொள்வார். குட்டி முகர்ந்து பார்க்கும், நக்கும், காலால் பிராண்டும். கை திறக்காது. கடைசியில் அலுத்துப்போய் அது முகத்தை விலக்கிக்கொள்ளும். அந்த நொடியில் கை திறக்கும், "எடு" என்ற சொல்லும் கூடவே வரும். பிராண்டினால் கை திறக்காது, பொறுத்திருந்தால்தான் திறக்கும் என்பது குட்டிக்குச் சீக்கிரமே பிடிபட்டது. பிறகு திறந்த கை, பிறகு தரை, பிறகு மற்றவர்கள் நீட்டும் பண்டம். பக்கத்து வீட்டு ரெங்கம்மாளை ஆட்டெலும்பு நீட்டச் சொல்வார். குட்டி எலும்பை விட்டுவிட்டு அவர் முகத்தைத் திரும்பிப் பார்த்தால், அதைவிட ருசியான ஒன்று அவர் கையிலிருந்து கிடைக்கும். ஒருநாளும் அடித்ததில்லை. தின்னாதே என்று அவர் அதற்குக் கற்றுக்கொடுக்கவேயில்லை. அவரைப் பார்த்தால் நல்லது கிடைக்கும் என்பதை மட்டுமே கற்றுக்கொடுத்தார். பயத்தால் வந்த பழக்கம் விட்டுப்போகும். இது போகாது.

"உன் வீட்டுக்காரரு நாயைக் காலேஜு வரைக்கும் படிக்க வச்சுட்டாருடி" என்பாள் ரெங்கம்மாள். "எம்புள்ளைங்களை இவருகிட்ட விட்டுருந்தா எனக்கு இம்புட்டு நரைச்சிருக்காது."

கால்நடை டாக்டர் ஷோபனா மட்டும் அப்போதே சொன்னார். "நல்ல பழக்கம்தாங்க. ஆனா இன்னொரு கைக்கும் பழக்கிடுங்க. மனுசன் ஊருக்குப் போவான், காய்ச்சல்ல படுப்பான்."

"அறுப்பு முடியட்டும் டாக்டர்" என்பார் இராஜாங்கம். அறுப்பு முடியும், அடுத்த நடவு வந்துவிடும்.

ஐப்பசி மழையில் வயலில் தேங்கிய தண்ணீரை வடிக்க மடை திறக்கப் போனவர் வரப்பிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆட்கள் போய்ப் பார்த்தபோது சிப்பாய் அவருடைய மார்பில் தலை வைத்துப் படுத்திருந்தது. குடமுருட்டிக் கரையில் புதைத்தார்கள். அதன்பிறகு நாய் சாப்பிடவில்லை. பால் வைத்தார்கள், முட்டை வைத்தார்கள், ஈரல் வைத்தார்கள். மூக்கில் பட்டாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, வாசலைப் பார்த்துப் பொறுமையாக உட்கார்ந்திருந்தது. அது துக்கம் மட்டுமில்லை. அது ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது. அவர் சொல்லிக்கொடுத்த மாதிரியே.

டாக்டர்தான் வழி சொன்னார். "நாய்க்கு உலகம் மூக்குலதாம்மா இருக்கு. துவைக்காத சட்டை ஏதாச்சும் இருக்கா?"

மோட்டார் கொட்டகை ஆணியில் நீலக் கட்டம் போட்ட சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. அதை மாட்டிக்கொண்டு அவர் உட்காரும் இடத்தில் உட்கார்ந்து, அவர் பிசைகிற மாதிரி பிசைந்து, "எடு" என்றாள். சிப்பாய் அந்தக் கை மடிப்பை வெகுநேரம் முகர்ந்தது. மெல்ல முனகியது. பிறகு சாப்பிட்டது. காய்ந்த வயிற்றில் ஒரேயடியாக ஏற்றக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், கஞ்சியில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினாள். அன்றைக்கு மகள் எழில்மொழிக்குப் போன் போட்டு, "தின்னுட்டான்டி" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். மகள் கோயம்புத்தூரில் இருந்தாள். அவரோடு எழுந்து அவரோடு அடைந்த உயிர் என்று அந்த வீட்டில் மிச்சம் இருந்தது இது ஒன்றுதான். இதையும் சாகவிட்டால் அவரையே இரண்டாவது முறை சாகவிட்டதாக ஆகும் என்று அவளுக்குத் தோன்றியிருந்தது.

இப்போது அது அவள் சொல்லாமலே சாப்பிடுகிறது.

மறுநாள் வேண்டுமென்றே பேசாமல் இருந்தாள். சிப்பாய் அவள் தோளுக்கு மேலே பார்த்தது, காத்திருந்தது, பிறகு தலையைக் குனிந்தது. அதற்கடுத்த நாள் தட்டை வைத்தவுடனே சத்தமாக "எடு" என்றாள். அது அசையவில்லை. அவள் சொல் அதன் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. தோளுக்கு மேலே பார்த்தபடி இருந்தது. வெகுநேரம் கழித்து, எந்தச் சத்தமும் இல்லாதபோது, வால் தரையைப் பெருக்கியது.

"சொல்லாமலே தின்னா நல்லதுதானே?" என்றாள் ரெங்கம்மாள். "நாய்கூட நம்ம பேச்சைக் கேக்கலையேன்னு வருத்தமாக்கும்?"

"இல்லக்கா. அது வேற யார் பேச்சையோ கேக்குது."

ரெங்கம்மாள் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினாள். பிறகு, "சட்டையை மொதல்ல கழட்டு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

கழற்றினால் நாய் பட்டினி கிடக்குமே என்று அம்சவல்லி கழற்றவில்லை.

தட்டில் சோறு மிஞ்சத் தொடங்கியது. முதலில் ஓரத்தில் ஒரு கவளம், பிறகு பாதி. ஒருநாள் அது தட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முகத்தை மேலே தூக்கி, கையிலிருந்து வாங்குகிற மாதிரி உதட்டை மட்டும் மெதுவாக நீட்டி, பல் படாமல் எதையோ வாங்கி மென்றது. நறநறவென்று சத்தம் வந்தது. குழைந்த சோற்றை மென்றால் அப்படிச் சத்தம் வராது.

அவள் அதன் முகத்துக்கு முன்னால் கையை நீட்டித் துழாவிப் பார்த்தாள். அந்த இடத்தில் மட்டும் காற்று சில்லென்று, கிணற்றுக்குள் இருப்பது போல இருந்தது.

உண்மையைச் சொன்னால், அன்று அவள் பயப்படவில்லை. "வந்துட்டீங்களா?" என்று கேட்டாள். மறுநாள் தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பக்கத்தில் அவர் இருக்கிறார், நாய்க்கு ஊட்டிவிடுகிறார், தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம். போதும் என்றிருந்தது.

ஆனால் சிப்பாய் இளைத்துக்கொண்டே போனது. விலா எலும்புகள் தெரிந்தன. எழுந்தால் பின்னங்கால்கள் நடுங்கின. வயிறு மட்டும் கல்லாக உப்பியிருந்தது. ஆட்டோ வைத்து டாக்டரிடம் தூக்கிப் போனாள்.

ஷோபனா அதன் மேலுதட்டை விலக்கி ஈறைக் கட்டைவிரலால் அழுத்தினார். "ஈறு ரோஸ் கலர்ல இருக்கணும்மா. அழுத்தினா வெளுக்கும், விட்டவுடனே ரத்தம் திரும்பி வரணும். இங்க வர்றதுக்கு ரத்தமே இல்ல, பாருங்க." எக்ஸ்ரே எடுத்தார். கறுப்புப் படத்தில் நாயின் வயிறு இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு மூட்டை. "இது அத்தனையும் மண்ணு. ரத்தம் குறைஞ்ச நாய் சில சமயம் மண்ணு தின்னும். நீங்க பாக்கலையா?"

"மண்ணு தின்னலைங்க டாக்டர்."

மேசையிலேயே சிப்பாய் வாந்தி எடுத்தது. ஈரக் களிமண். அதில் வெள்ளை வெள்ளையாக அரிசி. டாக்டர் ஒன்றை எடுத்துக் கையுறை விரல்களுக்கு நடுவே உருட்டினார்.

"பச்சரிசி. வேகவைக்காமலா போடுறீங்க?"

"எங்க வீட்டுல புழுங்கலரிசிதாங்க. பச்சரிசியே கெடையாது."

சொல்லும்போதே அவளுக்கு ஞாபகம் வந்தது. பச்சரிசி இல்லையென்றுதான் அன்றைக்கு ரெங்கம்மாள் தன் வீட்டிலிருந்து முறத்தில் கொண்டுவந்தாள். குழிக்குள் இறக்குவதற்கு முன் ஒவ்வொருவராக வந்து, கண்ணை மூடிக்கொண்டு, அவர் வாயில் போட்டார்கள். வாய்க்கரிசி. கடைசியாகப் போட்டது அவள். அப்புறம் ஆளுக்கொரு பிடி மண்.

தன்னிடம் இருப்பதை எடுத்துத்தான் அவர் ஊட்டுகிறார். வாயில் கையை விட்டு எடுத்து. அவரிடம் வேறு என்ன இருக்கிறது?

டாக்டர் ஊசி போட்டு, குளுக்கோஸ் ஏற்றி, மருந்து எழுதிக்கொடுத்தார். ராத்திரி தங்கவைக்க அங்கே வசதி இல்லை. "வாய்க்கூடு போடணும். இந்த சைஸ் என்கிட்ட இல்ல. காலைல தஞ்சாவூர்லேருந்து வந்துடும். இன்னிக்கி ஒரு பொழுது நீங்களே வாயைப் புடிச்சுக்குங்க. மூக்கை விட்டுட்டு, தாடையை மட்டும். இன்னும் ஒரு பிடி உள்ள போனா குடல் அடைச்சுக்கும்மா. அப்புறம் நான் ஒண்ணும் செய்ய முடியாது."

வீட்டுக்கு வந்ததும் சட்டையைச் சோப்புத்தூளில் ஊறப்போட்டாள். கொல்லைக் கதவைத் தாழிட்டாள். சன்னல்களைச் சாத்தினாள். கூடத்தில் டியூப்லைட்டைப் போட்டுவிட்டு, சிப்பாயை மடியில் அணைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். அதன் இதயம் அவள் தொடையில் வேகவேகமாக அடித்தது.

இருட்டியது.

தவளைச் சத்தம் திடீரென்று நின்றது. விளக்கு நன்றாகத்தான் எரிந்தது. கூடத்தில் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. ஈர வரப்பின் வாசம் வந்தது. அதற்கு அடியில் இன்னொரு வாசம்.

எழ முடியாத நாய் எழுந்து உட்கார்ந்தது. நெஞ்சை நிமிர்த்தி, முன்னங்கால்களைச் சேர்த்து. அவர் பழக்கிய மாதிரி. காதுகள் பின்னால் படிந்தன.

அவள் இரண்டு கையாலும் அதன் தாடையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

நாய் முனகியது. திமிறியது. அதற்குப் பலம் இல்லை. அவளுக்கும்தான்.

"வேணாங்க" என்றாள். தோளுக்கு மேலே திரும்பிப் பார்க்காமல் சொன்னாள். "அதுக்குப் பசிக்குமேன்னு நெனைக்கிறீங்க. தெரியுதுங்க. ஆனா உங்க கையில இருக்கறது அதுக்கு ஒத்துக்கலைங்க. செத்துடும். நான் ஊட்டுறேன். நான் பாத்துக்கறேன். நீங்க போங்க."

அந்த வாசம் விலகவில்லை.

"போயிடுங்க. உங்க கால்ல விழறேன்."

அவள் கைக்குள் தாடை நடுங்கியது. பிறகு நடுக்கம் நின்றது. சிப்பாய் திமிறுவதை விட்டுவிட்டது. அதன் கண்கள் மேலேயிருந்து மெல்லக் கீழே இறங்கின. எதையோ தொடர்ந்து வருவதைப் போல இறங்கின. அவள் முகத்துக்கு நேரே வந்து நின்றன.

அவள் உதட்டில் குளிர்ச்சியாக ஏதோ பட்டது.

உதட்டை இறுக மூடிக்கொண்டாள். ஒரு கையை எடுத்துத் தட்டிவிடலாம். எடுத்தால் நாயின் வாய் திறந்துவிடும்.

எடுக்கவில்லை.

அந்த விரல்கள் அவசரப்படவில்லை. அடம்பிடிக்கும் குழந்தைக்கு ஊட்டுகிற மாதிரி உதட்டோரத்தில் காத்திருந்தன. அவளும் பகலெல்லாம் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. அது அவருக்குத் தெரிந்திருக்கும்.

கடைசியில் அவள் உதடு திறந்தது. பல்லில் மண் நறநறத்தது. ஒரு அரிசி நாக்கில் விழுந்தது. அடுத்த பிடி.

சிப்பாய் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. அதன் வால் தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தது.