வெளியேறாத பயணி

"கார்டை முடக்கிடவா, விட்டுடவா? அதை மட்டும் சொல்லுங்க," என்று கேட்டுவிட்டுத்தான் அக்காக்காரி வக்கீலம்மாவின் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

காணாமல் போனவர்களைத் தேடித் தருவது வக்கீலம்மாவின் தொழில். கோர்ட்டுக்குப் போவதை நிறுத்தி வெகுகாலம் ஆகியும் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. அவருடைய டாக்சி டிரைவர், யாரும் கொடுக்காமலே உதவியாளர் பதவியை ஏற்றுக்கொண்டவர், வாசலிலேயே காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.

தங்கை கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போய் ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. போன் எண்ணும் மாறிவிட்டது. அவள் கையோடு எடுத்துப் போன ரயில் கார்டு மட்டும் அக்காவின் வங்கிக் கணக்கோடு இணைந்திருந்தது. இரண்டு மாதமாக அதை யாரோ உபயோகிக்கிறார்கள். ஊரின் மறுகோடியில் இருக்கும் ஆலை ஸ்டேஷனில் நுழைவு. இரண்டு மணி நேரம் கழித்து அதே ஸ்டேஷனில் வெளியேற்றம். வேறெங்கும் போனதாகப் பதிவில்லை.

"கார்டு யார் கையிலயோ கிடைச்சிருக்கு, ஏசி காத்துக்காக உள்ளே உட்கார்ந்துட்டுப் போறான்னு போலீஸ்ல சொல்றாங்க. வீட்டுக்காரர் இன்னிக்கே முடக்குன்னு ஒத்தக்கால்ல நிக்கிறார். ஒருவேளை அது அவளா இருந்தா…"

அக்காக்காரி கையிலிருந்த போனைப் பார்த்தாள். கார்டு தட்டப்பட்டதும் போனில் வரும் அந்தச் சின்னச் சத்தத்துக்காகத் தான் நாளெல்லாம் காத்திருப்பதை எப்படிச் சொல்வது? முடக்கினால் அதுவும் நின்றுபோகும்.

"சந்தேகமே இல்லை, பிக்பாக்கெட்," என்றார் டிரைவர்.

"பிக்பாக்கெட் நாலு இடம் சுத்தமாட்டானா, அண்ணே?" வக்கீலம்மா போனை வாங்கிப் பார்த்தார். "நீங்க எங்கம்மா வேலை பார்க்கறீங்க?"

"விமான நிலைய ஸ்டேஷன்ல. டிக்கெட் கவுண்டர்."

"என் வயித்துல அடிச்ச ரயில்," என்றார் டிரைவர். "அது வந்தப்புறம் பெட்டியோட வர்றவங்க எவனும் என் வண்டியைத் திரும்பிப் பார்க்கறதில்ல."

"அதான் மத்த ஸ்டேஷனை விட மூணு மடங்கு கட்டணம் வாங்கறோமே, இன்னும் ஆறலையா உங்களுக்கு?" என்று அக்காக்காரி லேசாகச் சிரித்தாள்.

வக்கீலம்மா சிரிக்கவில்லை. "முதல்ல காலைல மட்டும் தட்டியிருக்கு. இப்போ சாயங்காலம் மட்டும். நடுவில ஒரு வாரம், காலையிலயும் சாயங்காலமும். அந்த வாரம் நீங்க என்ன பண்ணிட்டு இருந்தீங்க?"

"காய்ச்சல். வீட்டுல படுத்திருந்தேன். திரும்பிப் போனதும் என்னைச் சாயங்கால ஷிஃப்டுக்கு மாத்திட்டாங்க." சொல்லி முடிக்கும்போது அவள் குரல் இறங்கியது.

"அந்தக் கூடுதல் கட்டணத்தை எங்கே பிடிப்பீங்க?"

"எங்க கேட்டுல. வெளியே வர்றதுக்குக் கார்டைத் தட்டும்போது."

"தட்டாம, உள்ளேயே நின்னுட்டு வேற ரயில்ல திரும்பிட்டா?"

"வந்ததே பதிவாகாது. ஏறின ஸ்டேஷன்லயே இறங்கின கணக்கு…" எத்தனையோ பேருக்கு விளக்கிச் சொன்ன விதிதான். ஆனால் கேட்டைத் தாண்டாதவர்களை அவள் ஒருநாளும் பயணிகளாக எண்ணியதில்லை.

"ஆலையிலிருந்து உங்க ஸ்டேஷனுக்குப் போக வர ஒன்றரை மணி நேரம் ஆகும். மிச்ச அரை மணி அங்கே நிக்கிறா. உங்க ஷிஃப்ட் மாறினா அவ நேரமும் மாறுது. நீங்க வராத வாரம் ரெண்டு வேளையும் வந்து தேடியிருக்கா."

"என் கண்ணுல படவே இல்லையே?"

"உங்க கவுண்டர் எந்தப் பக்கம் பார்த்திருக்கு?"

"வெளிப்பக்கம். கேட்டுக்கு என் முதுகுதான் தெரியும்."

"அது போதும்னு வர்றா. வெளியே வந்தா ஸ்டேஷன் பேர் உங்க போனுக்கு வந்துடும்னு அவளுக்குத் தெரியும். ஆனா வேற டிக்கெட் வாங்காம இந்தக் கார்டையே தட்டறா பாருங்க. உங்களைப் பார்க்க வர்றது தெரிய வேண்டாம். இருக்கேன்னு மட்டும் தெரியட்டும்னு."

டிரைவர் செருமினார். "நாளைக்கே நான் போய்ப் பிடிச்சுட்டு வந்துடறேன்."

"துரத்திப் பிடிக்க அவ என்ன கோழியாண்ணே?" அக்காக்காரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "உள்பக்கமும் ஒரு கவுண்டர் இருக்கு. கார்டுல பணம் பத்தாம கேட்டுல மாட்டிக்கிறவங்களுக்கு. நாளைக்கு அதுல உட்காரறேன்."

மறுநாள் சாயங்காலம் ரயில் வந்தது. பெட்டிகளை உருட்டிக்கொண்டு கூட்டம் கேட்டைக் கடந்து வடிந்தது. கடைசியாக ஒருத்தி தூணோரம் வந்து நின்றாள். இளைத்திருந்தாள். முடியைக் கழுத்தோடு வெட்டியிருந்தாள்.

வெளிக் கவுண்டர் நாற்காலி காலியாக இருந்தது. தங்கை எக்கிப் பார்த்தாள். தூணின் மறுபக்கம் போய்ப் பார்த்தாள். நகத்தைக் கடித்தாள். காவலாளியிடம் ஏதோ கேட்கப் போய், கேட்காமல் திரும்பி, மறுபடி அந்த நாற்காலியையே பார்த்தாள்.

உள்பக்கக் கவுண்டரின் கண்ணாடிக்குப் பின்னால் அக்காக்காரியின் கை கதவுத் தாழ்ப்பாளில் இருந்தது. இழுத்தால் போதும். ஆனால் தன்னை ஒருத்தி இப்படித் தேடுவதை அவள் வாழ்நாளில் பார்த்ததில்லை. இன்னும் ஒரு கணம், இன்னும் ஒரே ஒரு கணம் என்று பேராசையோடு பார்த்துக்கொண்டே நின்றாள். தங்கையின் உதடு துடிக்கத் தொடங்கியபோதுதான் தாங்கவில்லை.

"ஏய், அங்க எங்கடி பார்க்கறே," என்றாள் கதவைத் திறந்து. "இங்க இருக்கேன்."