வாலுவுக்குக் கால் வலித்த இடங்கள்

நகர நடை மன்றத்தில் மொத்தம் ஐந்து பேர். ஒருவர் தலைவர், ஒருவர் துணைத் தலைவர், ஒருவர் செயலாளர், ஒருவர் ஆலோசகர். பதவி எதுவும் மிச்சமில்லாததால் வாலு மட்டும் உறுப்பினர்.

வாலு என்பது அவளுடைய பள்ளிப் பெயர் இல்லை. வரிசையில் எப்போதும் கடைசியாக வருவதால் பெரியப்பா வைத்த பெயர். அந்தப் பெரியப்பாதான் தலைவர்.

கோடை விடுமுறை. அப்பாவும் அம்மாவும் காலையிலேயே வேலைக்குப் போய்விடுவார்கள். அதனால் பகல் முழுக்க வாலு பெரியப்பா வீட்டில்தான். பெரியப்பா அந்த வருடம்தான் ஓய்வு பெற்றிருந்தார். அலுவலகத்தில் அவருக்குக் கீழே ஒரு மாடி நிறைய ஆட்கள். வீட்டில் அவருக்குக் கீழே நாற்காலி மட்டும்தான் இருந்தது. இரண்டு வாரம் அதைப் பொறுத்துப் பார்த்தார். பிறகு மன்றம் ஆரம்பித்துவிட்டார்.

கோடை முடிவதற்குள் நகரம் முழுவதையும் நடந்தே பார்த்துவிட வேண்டும் என்பது திட்டம். முதல் விதி, நடையின்போது யாரும் உட்காரக் கூடாது. இந்த விதியை நான்கு பேரும் மின்விசிறிக்குக் கீழே, மெத்தை நாற்காலிகளில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, ஒருமனதாக நிறைவேற்றினார்கள்.

அன்றிலிருந்து வாலு நடந்தாள். காலையில் நடந்தாள், மாலையிலும் நடந்தாள். மற்றவர்கள் ஊரைப் பார்த்தார்களோ என்னவோ, அவள் பார்த்ததெல்லாம் முன்னால் போகும் நான்கு முதுகுகளைத்தான்.

சிலை, மணிக்கூண்டு, பழைய நீதிமன்றம் என்று எது வந்தாலும் பெரியப்பா குடையை உயர்த்துவார். எல்லோரும் நிற்பார்கள். "இது சாதாரணக் கட்டடம் இல்லை" என்று ஆரம்பிப்பார். எல்லாக் கட்டடத்துக்கும் அதேதான் ஆரம்பம். ஒருமுறை தண்ணீர்த் தொட்டிக்கும் அப்படியே ஆரம்பித்துவிட்டார்.

அவர் பேசி முடிப்பதற்குள் வாலு நைசாக நழுவிப் பக்கத்தில் எங்காவது உட்கார்ந்துவிடுவாள். சலவைக்கடை பெஞ்சு. சாவி செய்பவர் கடையில் ஒரு கால் ஆடும் முக்காலி. மூடிக் கிடக்கும் சினிமா கொட்டகையின் படிகள். உட்கார ஓர் இடம் கிடைத்துவிட்டால் போதும், அந்தத் தெரு அவளுக்குப் பிடித்துப்போகும். சலவைக்கடை அக்கா அவளைப் பார்த்ததும் தண்ணீர்ச் சொம்பை நீட்டுவார். சாவிக்காரர் எதுவும் பேச மாட்டார். தான் நகர்ந்து உட்கார்ந்து, அவளுக்குக் கொஞ்சம் நிழல் விடுவார்.

ஒரு நாள் காலை மூன்று தொலைபேசி அழைப்புகள் வந்தன.

துணைத் தலைவர் நாளை முதல் ஊருக்குப் போகிறாராம். செயலாளர் வீட்டில் வெள்ளை அடிக்கிறார்களாம். ஆலோசகருக்கு 'வேற ஒரு சோலி' வந்துவிட்டதாம். இன்றைய நடைக்கு மட்டும் மூவரும் வருவார்கள். அதோடு சரி.

நியாயமாகப் பார்த்தால் வாலு துள்ளிக் குதித்திருக்க வேண்டும். ஆனால் சமையலறையில் பெரியம்மா தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்துவிட்டது.

"ஆபீஸ் போனப்பவே இந்த மனுஷனுக்குப் பாதி உசுரு போச்சு. மீதியை இந்த நடைதான் பிடிச்சு வச்சிருக்கு. அதுவும் போனா, பகல் பூரா சுவத்தைப் பாத்துட்டு உக்காந்திருப்பாரு."

பெரியப்பா குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். குடையை வழக்கத்தைவிட நேராகப் பிடித்திருந்தார்.

ரயில் நிலையத்திலிருந்து ஆற்றுப் பாலம் வரை நடப்பதாக ஏற்பாடு. வெயில் மண்டையைப் பிளந்தது. பாதி வழி போவதற்குள்ளாகவே எல்லோருக்கும் நாக்கு தள்ளியது. ஆனால் யாரும் வாய் திறக்கவில்லை.

செயலாளர், பழைய வங்கி மேலாளர். 'வீடு வாடகைக்கு' என்ற பலகையைக் கல்வெட்டு படிப்பதுபோல் எழுத்தெழுத்தாகப் படித்தார். படிக்கிற நேரத்துக்கு நிற்கலாம் அல்லவா. ஆலோசகர் ஒரு பல் டாக்டர். அடிக்கடி குனிந்து காலணிக் கயிற்றைக் கட்டினார். அவர் போட்டிருந்தது கயிறே இல்லாத செருப்பு. துணைத் தலைவர் ஒரு காலத்தில் தலைமையாசிரியை. விளக்குக் கம்பத்தை இறுகக் கட்டிக்கொண்டு, "நல்ல உறுதியான கம்பம்" என்றார்.

பெரியப்பா லேசாக நொண்டினார். நடைபாதை விளிம்பில் தடுக்கி, விழப்போய், சமாளித்து நின்றார்.

"விளிம்போட உயரம் சரியில்ல. அதைத்தான் சோதிச்சேன்" என்றார்.

வாலு அவர் முகத்தைப் பார்த்தாள். உதடு காய்ந்து வெளுத்திருந்தது. விழுந்தாலும் விழுவாரே தவிர, முதல் ஆளாக உட்கார மாட்டார். மற்ற மூவரும் அதே கட்சி.

அடுத்த திருப்பத்தில் சலவைக்கடை இருந்தது. வாலுவால் இன்னும் இரண்டு தெரு நடந்திருக்க முடியும். ஆனாலும் கடை வாசல் வந்ததும் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"எனக்குக் கால் வலிக்குது. இனிமே ஒரு அடி எடுத்து வைக்க மாட்டேன்."

நான்கு முதுகுகளும் ஒரே நேரத்தில் திரும்பின.

"மன்றத்தோட முதல் விதி என்ன?" என்றார் பெரியப்பா. குரலில் பழைய அலுவலக மிடுக்கு இருந்தது. காற்றுத்தான் போதவில்லை.

"தெரியும் பெரியப்பா. இருந்தாலும் வலிக்குது."

"சின்னப் பொண்ணு, பாவம்" என்று தலைமையாசிரியை அங்கே பிடித்திருந்த இன்னொரு கம்பத்தை விட்டுவிட்டு விரைந்து வந்தார். "குழந்தையைத் தனியா உக்கார வைக்கிறது சரியா இருக்காது. துணைக்கு நான் உக்காந்துக்கறேன்."

"குழந்தை நலன் கருதி ஒரு விதிவிலக்கு கொண்டுவரலாம்" என்று சொல்லும்போதே செயலாளர் உட்கார்ந்தாயிற்று.

"என் ஆலோசனையும் அதுதான்" என்றார் பல் டாக்டர். யாரும் கேட்கவில்லை.

கடைசியாகப் பெரியப்பா, "இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்குத் தெம்பே இல்ல" என்று சலித்துக்கொண்டே பெஞ்சின் ஓரத்தில் அமர்ந்தார். அமர்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டார்.

சலவைக்கடை அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். "யாரு கண்ணு இவங்கல்லாம்?"

"எங்க மன்றம்க்கா."

"ஓ, நீ சொல்லுவியே, நாலு முதுகு. அது இவங்கதானா? முன்பக்கமும் நல்லாத்தான் இருக்கு."

சொம்பு கைமாறிக்கொண்டே போனது. கடைக்குள் தொங்கிய சட்டைகள் காற்றில் ஆடின. அக்கா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, மூன்று நாளாகப் பல் குடைகிறது, என்ன செய்யலாம் என்று பொதுவாகக் கேட்டார். ஆலோசகர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மன்றம் தொடங்கி இத்தனை நாளில் அவரிடம் ஆலோசனை கேட்ட முதல் ஆள் அக்காதான்.

பெரியப்பா மெதுவாகக் காலணியைக் கழற்றினார். குதிகாலில் பெரிய கொப்புளம். வாலு பார்ப்பது தெரிந்ததும் குடையால் மறைத்தார். வாலு சட்டைகளைப் பார்க்க ஆரம்பித்தாள்.

அதன்பிறகு வாலுவுக்குச் சாவிக்காரர் தெருவில் கால் வலித்தது. அங்கே முக்காலி ஒன்றுதான். அதில் பெரியப்பாவை உட்கார வைத்தார்கள், தலைவர் என்பதால். சாவிக்காரர் மற்றவர்களுக்குப் பழைய மரப்பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டார். வீட்டுச் சாவியைத் தொலைத்துவிட்டு மனைவிக்குத் தெரியாமல் திரிந்த கதையைச் செயலாளர் சொன்னார். சாவிக்காரர் சிரித்தார். அவர் சிரித்து வாலு பார்த்ததே இல்லை.

பிறகு சினிமா கொட்டகைப் படியில் வலித்தது. தலைமையாசிரியை அந்தப் பூட்டிய கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பத்தாவது படிக்கும்போது கணக்கு வகுப்புக்கு மட்டம் போட்டுட்டு இங்கதான் வருவேன்" என்றார் திடீரென்று. பிறகு வாலுவைப் பார்த்தார். "நீ இதைக் கேக்கல."

"கேக்கல டீச்சர்."

பெரியப்பா பழக்க தோஷத்தில் குடையை உயர்த்தினார். "இது சாதாரணக் கட்டடம்..." என்று தொடங்கியவர் நிறுத்திவிட்டார். நாலு திசையும் பார்த்துவிட்டு, "நானும் வந்திருக்கேன்" என்றார்.

பாலத்துக்கு அன்று போய்ச் சேரவே இல்லை. வெயில் இறங்கியதும் பேருந்து நிறுத்தத்தில் வந்து நின்றார்கள். உட்கார்ந்தார்கள் என்பதுதான் சரி.

"அப்போ பாலம்?" என்றார் செயலாளர்.

"நாளைக்கு வச்சுக்கலாமே" என்றார் தலைமையாசிரியை.

"ஊருக்குப் போறேன்னு சொன்னீங்களே?" என்று பெரியப்பா மெல்லக் கேட்டார்.

"ஊர் எங்க ஓடிடப்போகுது?"

செயலாளருக்கு, வெள்ளை அடிக்க வருபவர் வராமல் போகவும் வாய்ப்பிருப்பது நினைவுக்கு வந்தது. ஆலோசகர் எப்படியும் சலவைக்கடைக்கு மருந்து கொண்டுபோக வேண்டுமாம்.

பேருந்தில் வாலு சன்னல் பக்கம் சாய்ந்தாள். உடம்பெல்லாம் அடித்துப் போட்டதுபோல் இருந்தது. வெளியே சினிமா கொட்டகையும் சாவிக்கடையும் சலவைக்கடையும் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. அக்கா கை அசைத்தார்.

பெரியப்பா முன்சீட்டில் இருந்த மூவரையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். மூவரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். குனிந்து வாலுவின் காதருகே வந்தார்.

"நாளைக்கு உனக்கு எங்கெங்க கால் வலிக்கும்?"

வாலு கண்ணை மூடிக்கொண்டே யோசித்தாள்.

"மணிக்கூண்டுக்குப் பின்னாடி ஒரு பெரிய மரம் இருக்கு பெரியப்பா. சுத்தி மேடை கட்டியிருக்காங்க. அங்கதான் ரொம்ப வலிக்கும்."