கோடைக்கு வந்த ராஜா

ஸ்காட்லாந்தின் ஐலா தீவில் தடுக்கி விழுந்தால் ஒரு ராஜ வாரிசின் மேல்தான் விழ வேண்டும். எண்ணூறு ஆண்டுகளுக்கும் முன் இந்தக் கடலை ஆண்ட சோமர்லெட் ராஜாவின் வம்சம் என்று பாதித் தீவு சொல்லிக்கொள்ளும். லாக்லன் தாத்தா சொல்லிக்கொள்வதில்லை, முழங்குவார். விழாக் குழுத் தலைவர் அல்லவா!

வருடாவருடம் நடக்கும் சோமர்லெட் விழாவில், ராஜா வேடம் போட்டவர் படகில் வந்து கரையிறங்க வேண்டும். இந்த வருட ராஜா, தாத்தாவின் பேரன் ரூரி.

ரூரிக்கு ஒரு சிக்கல். படகு ஆடினால் அவன் வயிறும் ஆடும். ஒத்திகையின்போது, காலையில் குடித்த ஓட்ஸ் கஞ்சி ராஜாவுக்கு முன்பே வெளியே வந்துவிட்டது.

துடுப்புப் போட்ட நாடியா வாளியை நீட்டினாள். கிளாஸ்கோ நகரத்திலிருந்து விடுமுறைக்கு வந்தவள். ஆடுகிற படகிலும் பூனை மாதிரி நிற்பாள்.

"நீ ராஜாவா வர்றியா?" என்றான் ரூரி.

"ஆசைதான். உங்க தாத்தா விடணுமே!"

தாத்தா விடவில்லை. "கோடைக்கு வர்றவங்க வேடிக்கை பாக்கலாம், ஐஸ்கிரீம் சாப்பிடலாம். ராஜாவாக முடியுமா? அதுக்கு ரத்தம் வேணும்டா, ரத்தம்!"

"ரத்தம் இருக்கு தாத்தா. வயிறுதான் ஒத்துழைக்கல."

விழா நாளும் வந்தது. துறைமுகம் நிறையக் கூட்டம். கிரீடத்தோடு தாத்தா பக்கத்தில் நின்று படகையே பார்த்துக்கொண்டிருந்தான் ரூரி. தாத்தா மைக்கைப் பிடித்தார்.

"சோமர்லெட்! பாதி வைக்கிங் கடலோடி, பாதி இந்த மண்ணோட கேலிக் இனம்! அந்தப் பேருக்கு என்ன அர்த்தம்? கோடைப் பயணி! கோடையிலே கப்பலேறி வருபவன்!"

ரூரி நிமிர்ந்தான்.

"தாத்தா, கோடையில கப்பலேறி வர்றவரா?"

"ஆமாண்டா!"

"நாடியாவும் கோடையிலதானே கப்பலேறி வந்தா? நான் எங்கிருந்தும் வரலையே. இங்கேயேதான கிடக்கேன்!"

மைக் அதையும் ஊருக்கெல்லாம் சொன்னது. கூட்டம் சிரித்தது.

"பையன் கேக்கிறது நியாயம்தானே, லாக்லன்?" என்றார் மீன்கடைக்காரர்.

ரூரி கிரீடத்தைக் கழற்றி, துடுப்போடு பக்கத்தில் நின்ற நாடியாவின் தலையில் வைத்தான்.

தாத்தா தொண்டையைச் செருமினார். "சரி, சரி. ஆனா படகுல ராஜ ரத்தம் ஒண்ணாவது இருக்கணும். கொடியை நான் பிடிக்கிறேன்."

படகு வளைகுடாவைச் சுற்றி வந்தது. நாடியா ராஜா வாளை உயர்த்தி, கர்ஜித்துக்கொண்டு கரையில் குதித்தாள். ஒரே கைதட்டல்!

அவளுக்குப் பின்னால் கொடி மெதுவாகச் சாய்ந்து சாய்ந்து வந்தது. அதன் அடியில் தாத்தா. முகம் வெளிறிப்போயிருந்தது.

ரூரி வாளியோடு ஓடினான். முதுகைத் தடவிக் கொடுத்தான்.

"பரவாயில்ல தாத்தா. எனக்கும் இப்படித்தான் ஆச்சு."

வாளிக்குள்ளிருந்து தாத்தாவின் குரல் கேட்டது:

"என் பேரன்டா நீ!"