டன்வேர் வீட்டுப் பெயர் வரிசை

பிரிக்பீல்ட்ஸ் அடுக்ககத்தில் மூன்று மாடி ஏறிய மூச்சிரைப்பு அடங்குவதற்குள் முத்துக்கருப்பன் விஷயத்துக்கு வந்துவிட்டார். கிள்ளான்காரர், வயது எண்பத்தாறு. எதிரே லோகேஸ்வரி, பிறப்புப் பதிவு அலுவலகத்தில் முப்பது வருடம் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவர். பக்கத்தில் அடுத்த வீட்டு வாசு. கார் ஓட்டிப் பிழைக்கிறவன். லோகேஸ்வரி எதையாவது துப்புத் துலக்கினால் மட்டும் பிழைப்பை மறந்துவிடுவான்.

பெரியவரின் அப்பா ஸ்காட்லாந்துக்காரத் தோட்டத் துரை என்று அம்மா சிவகாமி சொல்லியிருந்தார். துரை போரில் காணாமல் போனவர். இவருடைய பிறப்புச் சான்றிதழில் தந்தை பெயர் அலெக்சாண்டர் டன்வேர். அந்தக் குடும்பத்தைத் தேடி எழுதியதற்கு, போன வாரம் ஒரு பெண்மணி பதில் போட்டிருந்தார். தலைமுறை தலைமுறையாக அரண்மனைச் சேவையில் இருந்த வீடாம். அலெக்சாண்டர் அரசரின் உடுப்பறையைக் கவனித்தவர், மலாயாவை மிதித்ததே இல்லை, 1931இல் இறந்துவிட்டார். முத்துக்கருப்பன் பிறந்ததோ 1939இல்.

"எங்கம்மா பொய் சொன்னாங்கன்னு சொல்லாம சொல்றாங்க. துரை மகனுக்கு ஏண்டா இந்தப் பேருன்னு ஊரே சிரிச்சுச்சு. எனக்குச் சொத்து வேணாம்மா, அது பொய்யில்லைன்னு தெரிஞ்சா போதும்."

யாரோ ஒருவன் துரை பெயரைச் சொல்லி ஏமாற்றிவிட்டான் என்று வாசு உடனே தீர்ப்பு எழுதினான். லோகேஸ்வரி அவனைக் கண்டுகொள்ளவில்லை. துரையை அம்மா எப்படிக் குறிப்பிடுவார் என்று கேட்டார். 'சாண்டியோட அப்பா' என்றுதானாம். சாண்டி மூத்தவன், நாலு வயதில் காய்ச்சலில் போய்விட்டான். அம்மாவைப் பெற்றவர் பெயர்? அதுவும் முத்துக்கருப்பன்தான்.

லோகேஸ்வரி சொல்லச் சொல்ல வாசு ஸ்காட்லாந்துக்குச் செய்தி தட்டினான். மாலைத் தேநீர் ஆறுவதற்குள் பதில் வந்தது. அலெக்சாண்டரின் மகன் ஜேம்ஸ் கிள்ளானில் ரப்பர்த் தோட்டம் பார்த்தவர். சாண்டி என்பது அலெக்சாண்டரின் செல்லப் பெயர். தங்கள் வீட்டில் மூத்த மகனுக்கு அப்பாவைப் பெற்றவர் பெயர், இரண்டாமவனுக்கு அம்மாவைப் பெற்றவர் பெயர், அரண்மனையில் இருந்தாலும் அயல்நாட்டில் இருந்தாலும் அதை மாற்றியதில்லை.

"பிள்ளையைப் பதிய அம்மா தனியாத்தான் போயிருக்காங்க," என்றார் லோகேஸ்வரி. "அந்தக் காலத்துல யாரு புருஷன் பேரை வாயால சொன்னா? பதிவு எழுதுற கிராணி கேட்டதும் இடுப்புல இருந்த மூத்தவனைக் காட்டி, இவனோட அப்பான்னிருப்பாங்க. இந்த மாதிரி நான் எத்தனையோ பார்த்துட்டேன். கிராணி அந்தப் பிள்ளையோட முழுப்பேரு அலெக்சாண்டர் டன்வேரையே அப்பா பேரா எழுதிட்டாரு."

"அப்போ அங்கிளோட அப்பா ஜேம்ஸ்தானாக்கா?"

"வேற யாரு? ஏமாத்த வந்தவனுக்கு அந்த வீட்டு வழக்கம் எப்படித் தெரியும்? ரெண்டாவது மகனுக்கு மாமனார் பேரை முறைப்படி வெச்சிருக்காரு. ஊரு சிரிச்ச பேருதான்யா அவரு உங்களைத் தன் பிள்ளைன்னு சொன்ன பேரு."

பெரியவருக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்து வழிந்தது, அவர் துடைக்கவும் இல்லை. அந்த ஸ்காட்லாந்து அம்மாவுக்கு என்ன பதில் எழுதட்டும் என்று வாசு மெல்லக் கேட்டான்.

"எழுதுய்யா," என்றார். "சிவகாமி பெத்த பிள்ளை, ஜேம்ஸ் டன்வேர் மகன் முத்துக்கருப்பன் பேசுறேன்னு எழுது."