காலி அறையின் பத்து விநாடி

இன்றைய முதல் "டிக்" பதினோராம் அத்தியாயத்தில் கேட்டது. யாரோ நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுத்ததுபோல ஒரு சின்னச் சத்தம். அந்த வாக்கியத்தை மறுபடி வாசித்துப் பதிவு செய்தாள், அதிலும் இருந்தது. மதியம் இரண்டு மணிக்குள் முப்பது, நாற்பது டிக் சேர்ந்துவிட்டன.

ஒலிப்புத்தகம் வாசிப்பது அவள் தொழில். வீட்டின் சாமான் அறைதான் ஸ்டுடியோ. ஜன்னல் கிடையாது. சுவரிலும் கதவிலும் பழைய கம்பளிகள், ஒரு மேஜை, சக்கரம் வைத்த நாற்காலி, கம்ப்யூட்டர், மைக். மூச்சுக்காற்று மைக்கில் மோதாமலிருக்க அதற்கு முன்னால் வட்டமாக ஒரு கறுப்புத் துணித் தடுப்பு. மூன்று வருஷமாக அவள் வாய் திறப்பதெல்லாம் இங்கேதான். வெளியே பேச ஆள் வேண்டுமே! கடைக்காரரிடம் "பை வேணாம்" என்றால் அன்றைய உரையாடல் முடிந்தது. அதனாலோ என்னவோ, வேலை முடிந்து எழும்போது காலி அறையைப் பார்த்து "சரி, நான் கிளம்பறேன்" என்று சொல்வது பழக்கமாகிவிட்டது. கிளம்பி எங்கே போவாள்? பத்தடி தள்ளியிருக்கும் சமையலறைக்கு. அதற்கு இந்த உபசாரம்.

பதிப்பகத்து அம்மாள் இந்த டிக் சத்தத்துக்காகவே ஏற்கெனவே இரண்டு முறை பதிவைத் திருப்பி அனுப்பிவிட்டாள். "இன்னொரு தடவை இப்படி வந்தா நாங்க வேற குரல் பாத்துக்கறோம்மா" என்றும் சொல்லிவிட்டாள். இன்று மாலைக்குள் அனுப்பியாக வேண்டும். இந்த வேலையும் போனால் அவளுக்குப் போன் செய்ய உலகத்தில் மிச்சமிருப்பவன் தம்பி ஒருவன்தான்.

அவனைக் கூப்பிட்டாள். கம்ப்யூட்டரைச் சேர்த்துக் கட்டிக் கொடுத்ததே அவன்தான்.

"என்னக்கா, மறுபடியும் மக்கர் பண்ணுதா? முதல்ல ப்ரௌசரை மூடு."

"மூடிட்டேன்டா. வைஃபையும் அணைச்சுட்டேன். நீ சொல்லிக்குடுத்த பஃபர் செட்டிங்கையும் கூட்டிப் பாத்தாச்சு. அப்பவும் டிக், டிக்னு உயிரை வாங்குது."

"ப்ராசசர் எவ்வளவு காட்டுது?"

"தொண்ணூத்தாறு பர்சென்ட்."

"சும்மா இருக்கும்போதா? எது தின்னுது அவ்வளவையும்?"

பட்டியலைப் பார்த்தாள். இரைச்சல் நீக்கி. காலி அறைக்கும் ஒரு முனகல் உண்டு. அதைப் பத்து விநாடி பதிவுசெய்து கொடுத்துவிட்டால், கேட்கும்போதும் பதிப்பகத்துக்கு அனுப்பும்போதும் அதை மட்டும் துடைத்தெடுத்துவிடும் மென்பொருள் அது. குடிவந்த அன்றே தம்பி செய்து வைத்தது.

"அன்னிக்கு நாம ரெண்டு பேரும் வெளிய வந்து கதவைச் சாத்திட்டுத்தானே எடுத்தோம்," என்றான். "வெறும் கம்ப்யூட்டர் ஃபேன் சத்தம். அதை அழிக்க இவ்வளவு பாடா? அதை அணைச்சுட்டுப் பாரு. எனக்கு மீட்டிங், முடிச்சுட்டுக் கூப்பிடறேன்."

அணைத்தாள். தொண்ணூற்றாறு சட்டென்று பன்னிரண்டுக்கு இறங்கியது. வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு காலையில் வாசித்ததைப் போட்டாள். டிக் இல்லை. அவள் குரல் துல்லியமாக வந்தது. அதற்கு அடியில், நிதானமாக, ஒரு மூச்சு.

தன்னுடையதுதான் என்று நினைத்தாள். ஓரிடத்தில் வாசிப்பை நிறுத்தித் தண்ணீர் குடித்திருந்தாள். தொண்டை மடக் மடக் என்று விழுங்குவது கேட்டது. மூச்சு அப்போதும் நிற்கவில்லை. விழுங்கிக்கொண்டே யாராலும் மூச்சுவிட முடியாது.

தம்பி எடுத்த பழைய பத்து விநாடியைத் தேடிப் போட்டாள். ஃபேன். ஃபேனுக்குப் பின்னால், தூரத்து மூலையில், அதே மூச்சு.

அப்படியானால் அன்றே இருந்திருக்கிறது. காலி அறை என்றால் இதுதான் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். அதுவும் சொன்ன பேச்சைத் தட்டாமல் மூன்று வருஷமாக அழித்துக்கொண்டே வந்திருக்கிறது. ஆனால் கேட்கும்போதும் அனுப்பும்போதும்தான் அழிக்கும். பதிவுகள் அப்படியே கிடக்கின்றன.

முதல் வருஷத்துப் பதிவொன்றின் கடைசிக்குப் போனாள். பதிவை ஓடவிட்டே எழுந்துபோவது அவள் வழக்கம், அந்த வால் பகுதியை இதுவரை போட்டுக் கேட்டதில்லை. "சரி, நான் கிளம்பறேன்" என்று அவள் குரல். நாற்காலி நகரும் சத்தம். பிறகு மூலையிலிருந்து:

"சரி, போயிட்டு வா."

அந்த முதல் நொடியில் அவளுக்குப் பயம் வரவில்லை. இத்தனை நாள் ஒருவர் பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். அடுத்த நொடிதான் பயந்து மூலையைத் திரும்பிப் பார்த்தாள்.

இரண்டாம் வருஷம். குரல் அறையின் நடுவிலிருந்து வந்தது. "சீக்கிரம் வா." ஆணா, பெண்ணா, தெரியவில்லை. ஆனால் அவள் வாசிக்கும்போது நிறுத்துவதுபோலவே நிறுத்திப் பேசியது. அவளைக் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்ட பேச்சு.

நேற்றையது. மைக்குக்கு வெகு அருகில். உதடு பிரியும் சத்தம்கூடக் கேட்டது.

"இன்னிக்குப் போக வேண்டாம்."

ஹெட்ஃபோனைக் கழற்றி மேஜையில் வைத்தாள். அறையில் ஒரு சத்தமும் இல்லை. மைக் திறந்தே இருந்தது. திரையில் ஒலியளக்கும் பச்சைக் கோடு ஏறி இறங்கியது. மூச்சை அடக்கினாள்.

கோடு ஏறியது. இறங்கியது.

ஒரு வார்த்தையும் சொல்லாமல் போய்விட வேண்டும். எழுந்தாள். நாற்காலி முனகவில்லை. கதவு இரண்டே எட்டு. கைப்பிடியில் விரல் பட்டது. மூன்று வருஷப் பழக்கம் முந்திக்கொண்டது.

"சரி, நான் கிளம்பறேன்."

சொல்லிவிட்டாள்.

வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிப் பார்த்தாள். கோடு படுத்துவிட்டது. மூச்சு இல்லை.

மைக்குக்கு முன்னால் கறுப்புத் துணி மெல்லக் குழிந்தது. நாற்காலியின் பக்கத்திலிருந்து. கோடு எழுந்தது. மஞ்சள். சிவப்பு. மேஜைமேல் கிடந்த ஹெட்ஃபோனில், பொடியாக, நிறுத்தி நிறுத்தி, அந்தக் குரல்.

"இரு. நானும் வரேன்."

காலி நாற்காலி, சக்கரம் உருள, மெதுவாகக் கதவுப் பக்கம் திரும்பியது.