விளக்கை மூடுகிற மரியாதை

அருளப்பன் ஊதறைக்குள் நின்று இரண்டு கைகளையும் தூக்கினான். நாலு பக்கத்திலிருந்தும் காற்று அவனை அறைந்தது. சட்டை மடிப்பு, தலைமுடி, காது மடல் எல்லாவற்றையும் உலுக்கித் தூசியைத் தரைச் சல்லடைக்குள் இறக்கியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவனுடைய தங்கை ரெஜினா காத்திருந்தாள். உள்கதவு திறப்பதற்குள் தோளில் கிடந்த துண்டை எடுத்துச் சுவரில் இருந்த காற்றுவடி இயந்திரத்தின் நெற்றியில், காயப்போடுகிறவளைப் போல, விளக்கு மறைகிற மாதிரி போட்டாள்.

அவன் உள்ளே வந்ததும் வடி உறும ஆரம்பித்தது. இரண்டு பேரும் அது காதில் விழாதவர்கள் போலப் பேசினார்கள்.

"இன்னா ரெஜி, இளைச்சிப் போய்ட்ட?"

"நீ மட்டும் இன்னாவாம்? கண்ணாடிக்கு அந்தாண்ட பார்த்தா எலும்புக்கூடு கையைத் தூக்கினு நிக்குற மாதிரி இருந்திச்சி."

வட சென்னையில் அப்போது ஜன்னல் வைத்த கட்டடங்களை இடித்துக்கொண்டிருந்தார்கள். புதிய அடுக்கங்களுக்கு ஜன்னல் கிடையாது. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு காற்றுவடி; பழைய ஆட்கள் பியூரிஃபையர் என்பார்கள், மற்றவர்களுக்கு வெறும் வடி. அதன் நெற்றியில் ஒரு விளக்கு. காற்று சுத்தமாக இருந்தால் பச்சை, கெட்டால் மஞ்சள், ரொம்பக் கெட்டால் சிவப்பு. வெளியே வேலை செய்கிற ஒருவர் எவ்வளவு தேய்த்துக் குளித்துவிட்டு வந்தாலும் சிவப்புதான் எரியும். முடியில், மூச்சில், தோல் மடிப்பில் ஊரின் காற்று அவர்களோடு வரும். முன்பு வெளியாள் என்றால் குடும்பத்தில் சேராதவன். இப்போது வெளியே வேலை பார்க்கிறவன். கூடப் பிறந்தவனாக இருந்தாலும் வெளியாள்தான்.

ஒரு மனிதன் உள்ளே வந்து உட்கார்ந்ததும் சுவரில் சிவப்பு எரிந்தால் அவன் என்ன ஆவான்? அதனால்தான் விளக்கை மூடுகிற வழக்கம் வந்தது. யாரும் சொல்லித் தரவில்லை. துண்டோ முந்தானையோ, கைக்குக் கிடைத்ததைப் போடுவார்கள். வந்தவர் அந்தப் பக்கம் பார்க்க மாட்டார். அவர் போன உடனே துணியை எடுப்பதும் தப்பு. எப்போது போவார் என்று காத்திருந்ததாக ஆகிவிடும். விடிந்த பிறகுதான் எடுக்க வேண்டும். திமிர் பிடித்தவளை "அவ விளக்கைத் திறந்து வெச்சவ" என்பார்கள். மூடாத ஒரே காரணத்துக்காக நின்றுபோன கல்யாணங்கள் உண்டு.

அதை மரியாதை என்று எல்லோரும் நம்பினார்கள். தூசியை யாரும் ஒன்றும் செய்யவில்லை. துணி போட்டார்கள்.

ரெஜினாவின் புருஷன் செத்த பிறகு அவளையும் மகள் ஜெனிட்டாவையும் இந்த அடுக்கத்தில் குடிவைத்தவன் அருளப்பன். அவன் கட்டடம் இடிக்கிற வேலை பார்த்துக்கொண்டு வெளியே தகரக் கொட்டகையில் இருந்தான். ஜெனிட்டாவுக்கு ரத்தப் புற்று வந்தபோது எலும்பு மஜ்ஜை கொடுத்தவனும் அவன்தான். பாதிப் பொருத்தம் இருந்தது, அது போதும் என்றார்கள். ஊசியில் எடுத்ததை வடிகட்டி அவளுக்குள் ஏற்றினார்கள். ஆனால் அவளைப் பார்க்க மட்டும் அவனை விடவில்லை.

"நாளைக்கு உள்ள விடறேன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்கண்ணா," என்றாள் ரெஜினா. "அவ ஒரே புடியா நிக்குறா, மாமா வரணும்னு."

அருளப்பன் தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தான். "வேணாம் ரெஜி. நான் கண்ணாடியாண்ட நின்னு கை காட்டறேன். அது போதும்."

"அவளுக்குப் போதாது."

மருத்துவமனையில் அவனை இரண்டு முறை குளிக்க வைத்து, தலையை மழித்து, நீல அங்கி மாட்டினார்கள். டாக்டர் நூருன்னிசா வார்டு வாசலில் வைத்து அவனிடம் சொன்னார்: "அவளுக்கு இன்னும் எதிர்ப்பு சக்தி வரல. ஆனா இந்த ரூம் ஒரு வெளியாளைத் தாங்கும், அதுக்குத்தான் அவ்ளோ பெரிய வடி வெச்சிருக்கோம். நீங்க நுழைஞ்சதும் ஃபுல் ஸ்பீடு எடுத்துக் கத்தும். கத்தட்டும், பயப்படாதீங்க."

அவர் பேசிக்கொண்டிருக்கும்போது ரெஜினா உள்ளே மகளின் அருகில் இருந்தாள். கட்டில் தலைமாட்டில் வெள்ளையாக, பீரோ உயரத்துக்கு வடி நின்றது. நெற்றியில் பச்சை விளக்கு; அதைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வளையம். கதவின் பூட்டு விடுபடுகிற சத்தம் கேட்டது. ரெஜினா யோசிக்கவில்லை. தும்மல் வந்தால் யோசித்தா தும்முகிறோம்; அந்த மாதிரிதான். கட்டிலில் கிடந்த பச்சை மருத்துவத் துணியை எடுத்து விளக்கின் மேல் போட்டாள்.

அருளப்பன் வந்தான். வழக்கப்படி அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"யோவ் மாமா, மொட்டை சூப்பரா கீது," என்றாள் ஜெனிட்டா. அவளுக்கும் முடி இல்லை. "இப்போ ரெண்டு பேரும் ஒரே கம்பெனி பல்பு."

"நீ எல்.இ.டி. நான் குண்டு பல்பு."

"ஒனக்கு ஓடுற ரத்தம்தான் எனக்கும் ஓடுதாம். பீடி கேக்குமா அது?"

"பீடி கேட்டாக்கூட பரவால்ல. என் மூஞ்சி வந்துரப் போவுது, அப்புறம் எவன் கட்டிப்பான்?"

அவள் சிரித்து இருமினாள். அவன் பதறி எழுந்தான். கையைப் பிடித்து உட்கார வைத்தாள். அறை அமைதியாக இருந்தது. அது முதலில் அவனுக்குத்தான் உறைத்தது.

"ரெஜி, கத்தும்னு சொன்னாங்க டாக்டரம்மா. சத்தமே காணோம்?"

"நீ அவ்ளோ சுத்தமா வந்துருக்க," என்றாள் ரெஜினா. உண்மையாகவே அப்படி நம்பினாள். அவளுக்குப் பெருமையாக இருந்தது.

அருளப்பனின் முகம் விரிந்தது. "மெஷினே சும்மா கீது பாரேன்! இருபது வருசமா என்னைக் கண்டா உறுமாத வடியே கெடையாதுடி." நாற்காலியை இன்னும் கொஞ்சம் கட்டில் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டான். அனுமதித்த நேரம் முடியும்வரை அவள் கையை விடவில்லை.

அவன் போன பிறகும் ரெஜினா துணியை எடுக்கவில்லை. விடியட்டும் என்று விட்டாள்.

காலையில் வந்த நர்ஸ் அதைப் பார்த்துக் கத்திவிட்டாள். வீட்டு வடியில் விளக்கு வெறும் விளக்கு. காற்றை மோந்து பார்க்கிற உணரி பின்பக்கம் இருக்கும். மருத்துவமனை வடியில் விளக்கைச் சுற்றியிருந்த கறுப்பு வளையம்தான் உணரி. துணி விழுந்ததும் அதற்குத் தூசியே தெரியவில்லை. தூசி இல்லை என்றால் காற்று சுத்தம். சுத்தம் என்றால் மின்சாரத்தை மிச்சப்படுத்தலாம். இரவு முழுக்க வடி தூங்கியது.

அடுத்த வாரம் ஜெனிட்டாவின் நுரையீரலில் பூஞ்சை பிடித்தது. பழைய சுவர்களை இடிக்கும்போது பறக்கிற பூஞ்சை. அதற்கு மருந்து கொடுத்தார்கள், பிறகு குழாய் போட்டார்கள். மாதம் முடிவதற்குள் செத்துப்போனாள்.

நூருன்னிசா ரெஜினாவைத் தனியாகக் கூப்பிட்டார். அவர் கோபமாகப் பேசவில்லை, அதற்குத் தெம்பு இல்லை. "அண்ணன் வந்ததால இல்லம்மா. வடிக்குக் கண்ணு தெரிஞ்சிருந்தா அவர் கொண்டாந்ததை அப்பவே இழுத்திருக்கும். எங்க மேலயும் தப்பு இருக்கு. எல்லா வீட்டுலயும் மூடுறாங்கன்னு எங்களுக்குத் தெரியும். இங்க மூடாதீங்கன்னு ஒரு வார்த்தை எழுதி ஒட்டியிருக்கணும். ஒட்டினா வெளியாளுங்க மனசு நோகும்னு விட்டுட்டோம்."

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"நீங்க சொல்லிருங்க. நீங்க சொன்னாத்தான் நம்புவார்."

கல்லறைத் தோட்டத்தில் எல்லோரும் முகவடி மாட்டியிருந்தார்கள். அருளப்பன் மாட்டவில்லை, வெளியாட்கள் மாட்டுவதில்லை. அவன் கூட்டத்தில் சேராமல் தூர நின்றான். ஒரு பிடி மண்ணை எடுத்து விரல் வழியே ஒழுகவிட்டு, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்தான். பிறகு சுற்றிக்கொண்டு போய், தன்மேல் பட்ட காற்று யார்மேலும் படாத இடத்தில் நின்றான். தாய்மாமன் முதல் பிடி மண் போட வேண்டும் என்று கூப்பிட்டார்கள். தலையை ஆட்டி மறுத்துவிட்டான்.

சாமியார் ஜெபத்தை முடித்தார். ரெஜினா கூட்டத்தைவிட்டு அவனை நோக்கி நடந்தாள். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் ஒழுங்குபடுத்திக்கொண்டே போனாள். அண்ணா, ஒன்னால இல்ல. நான் துணி போட்டேன். ரொம்பச் சின்ன வாக்கியங்கள்தான்.

அவன் அவளைப் பார்த்துவிட்டுப் பின்னால் நகர்ந்தான்.

"கிட்ட வராத ரெஜி," என்றான். "ஒருத்தியக் கொன்னது போதும்."

அவள் வாயைத் திறந்தாள். இன்னும் நாலடி நடந்தால் போதும். அவன் சொன்னது அவளுக்கு வசதியாக இருந்தது. அங்கேயே நின்றுவிட்டாள்.