எருக்க இலைப் பச்சை

ஜெரோமுக்கு மூன்று வயது. அவனுடைய அம்மா போனுக்குள் இருந்தாள்.

அவனுக்குத் தெரிந்தவரை அப்படித்தான். அவன் தவழ்ந்துகொண்டிருந்தபோதே அம்மா சகாயசெல்வி மஸ்கட்டுக்கு நர்ஸ் வேலைக்குப் போய்விட்டாள். ஆபரேஷன் தியேட்டரில் வேலை. தினமும் சாயங்காலம் வீடியோவில் வருவாள். உடம்பில் மங்கின பச்சை உடுப்பு, தலையில் அதே பச்சைத் தொப்பி. ஜெரோம் போனுக்கு முத்தம் கொடுப்பான். அப்பா சேவியர் அந்த எச்சிலைச் சட்டையில் துடைத்துக்கொள்வார்.

போன சனிக்கிழமை அம்மா நிஜமாகவே வந்து இறங்கினாள். இருபது நாள் லீவு. அரக்குச் சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, திண்டுக்கல் வீட்டு வாசலில் நின்று இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"வாடா தங்கம், அம்மாடா!"

ஜெரோம் அப்பாவின் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான்.

"நீ இல்ல" என்றான்.

அம்மா கார் பொம்மை கொடுத்தாள். வாங்கிக்கொண்டு ஓடினான். சாக்லேட் கொடுத்தாள். அதையும் வாங்கிக்கொண்டு ஓடினான். சாக்லேட் வாங்க உறவுமுறை எதற்கு? தூக்க வந்தால் மட்டும் ஊரே கூடும்படி கத்தினான்.

ஐந்து நாள் இப்படியே போனது. ஐந்தாம் நாள் சாயங்காலம் அவன் அப்பாவின் போனை எடுத்து வைத்துக்கொண்டு, "அம்மா! அம்மா வா!" என்று தட்டினான். அம்மா ஒரு கை எட்டும் தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். குழாயில் தண்ணீர் கொட்டும் சத்தம் வெகுநேரம் கேட்டது. பாத்திரம் தேய்க்கிற சத்தம் மட்டும் வரவே இல்லை.

அக்கா ஜெஸ்ஸி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஐந்தாம் வகுப்பு. அம்மாவிடம் சொல்ல அவளிடமும் இரண்டு வருஷக் கதைகள் இருந்தன. ஆனால் அம்மாவின் கண் எப்போதும் தம்பி மேலேயே இருந்தது. ஜெஸ்ஸிக்குக் கொஞ்சம் பொறாமைதான், பொய் சொல்வானேன்? அதைவிட, அம்மா இப்படியே திரும்பிப் போய்விடுவாளோ என்ற பயம்தான் பெரிதாக இருந்தது.

மறுநாள் எதிர்வீட்டு வாசலில் ஒரு புது ஸ்கூட்டர் நின்றது. ஜெரோம் ஓடிப்போய் அதன்மேல் கன்னத்தை வைத்து, "அம்மா" என்றான்.

அப்பா சிரித்தார். ஜெஸ்ஸி சிரிக்கவில்லை. ஸ்கூட்டரும் மங்கின பச்சை.

உள்ளே ஓடினாள். "அம்மா, உன் பச்சை ட்ரெஸ்ஸைக் கொண்டு வரலையா?"

"அது ஆஸ்பத்திரி உடுப்புடி. அங்கயே கழட்டிப் போட்டுட்டு வரணும்."

"ஏம்மா அந்தக் கலரு?"

"முன்னெல்லாம் வெள்ளைதானாம். ரத்தச் செவப்பையே உத்துப் பாத்துட்டு வெள்ளையைப் பாத்தா கண்ணு கூசும், பச்சை பச்சையா நெழல் ஆடும். நூறு வருஷத்துக்கு முந்தியே டாக்டருங்க யோசிச்சுப் பச்சைக்கு மாத்திட்டாங்க. கண்ணு செத்த நேரம் இளைப்பாறணும்ல?"

அம்மா கொஞ்சம் நிறுத்தினாள்.

"மொத நாள் அதைப் போட்டுக்கிட்டுக் கண்ணாடியில பாத்தேன். அப்படியே நம்ம குஜிலியம்பாறை ரோட்டோரத்து எருக்க இலை நெறம். உங்க நெனப்பு வந்து அன்னைக்குப் பூரா அழுதேன்."

ஜெஸ்ஸி உண்டியலைக் கவிழ்த்தாள். அப்பாவின் போனையும் எடுத்துக்கொண்டு தெருமுனை மேட்சிங் சென்டருக்குப் போனாள். சேலைக்குப் பொருத்தமாக ஜாக்கெட் துணி தேடித் தருகிற கடை அது. ஒரு சுவர் முழுக்கப் பச்சை மட்டுமே இருந்தது. கிளிப்பச்சை, பாசிப்பச்சை, ராமர் பச்சை, மயில் கழுத்துப் பச்சை.

"பாய் மாமா, இந்தக் கலர்ல துணி வேணும்." அம்மாவின் படத்தைக் காட்டினாள்.

கடைக்கார நூர் முகமது தலையை ஆட்டினார். அதே படத்தைத் தம்முடைய போனுக்கு அனுப்பச் சொல்லி, இரண்டையும் பக்கத்தில் வைத்தார். ஒன்றில் நீலம் தட்டியது, ஒன்றில் சாம்பல் தட்டியது.

"பாத்தியா? போனை நம்பித் துணி கிழிச்சா நான் கடையை மூட வேண்டியதுதான். அசலைக் கொண்டா பாப்பா."

அசல் மஸ்கட்டில் கிடந்தது. ஜெஸ்ஸி கடைப் படியில் உட்கார்ந்து நகத்தைக் கடித்தாள். திடீரென்று எழுந்தாள்.

"இந்தா வாரேன் மாமா!"

பின்தெருக் காலிமனையில் எருக்கஞ்செடி ஆள் உயரத்துக்கு நின்றது. அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து என்று அவளுக்குத் தெரியும். காகிதத்தால் பிடித்து ஒரு இலையைக் கிள்ளிக்கொண்டு ஓடிவந்தாள்.

"சேலையைக் கொண்டாருவாக, பாவாடையைக் கொண்டாருவாக" என்று நூர் முகமது சிரித்தார். "மேட்சிங் பாக்க இலையைக் கொண்டாந்த மொத ஆளு நீதான்!"

ஆனால் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. மூன்று துணிக்கட்டுகளைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வெளியே வந்தார். "டியூப்லைட்டு ஏமாத்தும். வெயிலு ஏமாத்தாது."

முதல் துணியின் மேல் இலையை வைத்தார். துணியில் மஞ்சள் கூடுதல். இரண்டாவதில் நீலம் கூடுதல். மூன்றாவதில் வைத்ததும் ஜெஸ்ஸி குனிந்து பார்த்தாள்.

"மாமா, இலையைக் காணோம்!"

அத்தனை கச்சிதமாகப் பொருந்தியிருந்தது.

"இதுக்கு நம்பர்தான் இருக்கு, பேரு இல்ல. ஒருத்தரு பிஸ்தாம்பாக, ஒருத்தரு சேஜும்பாக."

"எருக்க இலைப் பச்சை" என்றாள் ஜெஸ்ஸி.

அவர் அதைத் துணிக்கட்டின் அட்டையில் பேனாவால் எழுதிக்கொண்டு, ஒன்றரை மீட்டர் கிழித்துக் கொடுத்தார்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு ஜெஸ்ஸி அம்மாவிடம் துணியை நீட்டினாள். அம்மா அதைத் தடவிப் பார்த்தாள். தலையிலும் தோளிலும் சுற்றிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

ஜெரோம் மூலையில் போனைத் தட்டிக்கொண்டிருந்தான். நிமிர்ந்தான். அம்மாவைப் பார்த்தான். போனைப் பார்த்தான். மறுபடி அம்மாவைப் பார்த்தான். போனைத் திருப்பி அதன் பின்பக்கத்தையும் ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

மெல்ல நடந்து வந்து அம்மாவின் கன்னத்தில் ஒரு விரலை வைத்தான். கன்னம் சூடாக இருந்தது. ஈரமாகவும் இருந்தது.

"அக்கா!" என்று கத்தினான். "அம்மா வெளிய வந்திருச்சு!"

அம்மா அவனை வாரி எடுத்துக்கொண்டாள். அவன் கத்தவில்லை. பச்சைத் துணிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

ஜெஸ்ஸி நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வேலை முடிந்துவிட்டது.

அம்மா துணியின் இன்னொரு முனையைத் தூக்கிப் பிடித்தாள். "நீ ஏன் அங்க நிக்கிற? உனக்கும் நான் இப்பத்தானடி வெளிய வந்திருக்கேன்."

துணி ஒன்றரை மீட்டர்தான். மூன்று பேருக்கும் போதுமானதாக இருந்தது.